பின்னிருக்கையின் வலப்பக்கம்

சென்னையில் சின்ன ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பது, கால் பங்கு ஓட்டும் வேலையும் முக்கால் பங்கு விளக்கம் சொல்லும் வேலையும் சேர்ந்த ஓர் உத்தியோகம். இதை வாசிப்பவர்களில் எவரேனும் இந்த உத்தியோகத்தில் இருந்தால் உங்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. பின்னால் நீண்டிருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சுமந்துகொண்டு தியாகராய நகர்ச் சந்துகளில் ரிவர்ஸ் எடுத்திருப்பீர்கள். "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று கையசைத்த நல்லவர், இடித்த சத்தம் கேட்டதும் காற்றில் கரைந்திருப்பார். நீங்கள் என் இனம்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பானுமதி. ஒரு மகளிர் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் என் அண்ணன் முரளியுடன் வசிக்கிறேன். முரளி வக்கீல், நுகர்வோர் வழக்குகளில் எதிர்த்தரப்பைவிட நீதிபதியை அதிகம் களைப்படையச் செய்தவன் என்ற புகழ் அவனுக்கு உண்டு. சென்ற ஆண்டு வந்த பக்கவாதம் அவனுடைய வலது கையையும் வலது காலையும் தளர்த்தியதோடு நில்லாமல், பேச்சையும் முழுதாக வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியது ஒரே ஓர் ஒலி. என்னைக் கூப்பிட வேண்டுமானால் "பா" என்பான். அந்தப் "பா"வைப் "பானு" ஆக்கிவிட வேண்டும் என்பதே அப்போது எங்கள் வீட்டின் ஒரே இலட்சியம்.

அதற்காக அடையாறில் இருந்த பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு அவனை அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியை மடக்கிப் போராடாமல் அப்படியே பின்னால் ஏற்றக்கூடிய வண்டி தேவைப்பட்டது. சிந்தாதிரிப்பேட்டைத் தரகர் ஒருவர் இந்தப் பழைய வேகனைக் காட்டினார். முன்பு யார் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தரகர் விரல் வைத்த இடங்களிலெல்லாம் படிக்காமல் கையெழுத்திட்டேன். குடிமக்களின் விழிப்புணர்வைப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் பொதுவாக அப்படித்தான் செய்கிறார்கள்.

காரா, வேனா?

வாங்கிய வாரத்தில் பனகல் பூங்கா சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை அளப்பதுபோல் பார்த்தார். பார்வை பின்பகுதிக்குப் போய், அங்கே சற்று அதிகமாகவே தங்கி, மறுபடி என்னிடம் வந்தது.

"இன்னா மேடம், இது காரா, வேனா?"

"ஸ்டேஷன் வேகன்."

"எந்த ஸ்டேஷன்? எக்மோரா, சென்ட்ரலா?"

பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் புரட்சியைக்கூட ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடுவேன். இதை விளக்க அந்தச் சிக்னல் போதவில்லை. குடும்பத்துக்கான கார் என்றும், பின்னால் சாமான் வைக்க இடம் அதிகம் என்றும் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். விளக்கு பச்சையானதும் கியரைப் போட்டபடி தீர்ப்பைச் சொன்னார்: "கார் செய்யலாமா வேன் செய்யலாமான்னு கம்பெனிக்காரனுங்க சண்ட போட்டுகினு இருக்க சொல்ல, வண்டி தானா எயுந்து வெளிய வந்துட்ச்சு போல கீது!"

துணிக்கடை வாசலில்

வேட்டியை இடுப்பில் நிறுத்துவது முரளிக்குச் சிரமமாகிவிட்டதால், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி வாங்கத் தியாகராய நகர் போனோம். முரளி எப்போதும் பின்னிருக்கையில் இடப்பக்கம் உட்காருவான். நடைபாதைப் பக்கம் இறக்குவது எளிது. அன்று அவனை இறக்கவில்லை. சட்டென்று போய் வாங்கி வந்துவிடலாம் என்று, அவன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தக் கடையில் முதலாளி முதல் வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்பவர் வரை எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நிறுத்துமிடக்காரர் என்னைத் தடுத்தார். "எம்மா, அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிட்டுப் போங்க. வெயிலு கொளுத்துதுல்லா."

"அந்தப் பக்கம் யாரும் இல்லையே" என்றேன்.

அவர் குனிந்து பின்னிருக்கையின் வலப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இலேசாகத் தலையைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை முழுதும் வற்றியிருந்தது. வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அவர் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று அந்தக் கணத்தில் உறுதிப்பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏம்மா, வீட்டுப் பெரிய மனுசர வெச்சிக்கிட்டே யாரும் இல்லங்கியளே, அவுக காதுல விழுந்தா மனசு சங்கடப்படாதா?"

நந்தனம் சிக்னல்

எதிர்க்கடையில் வேட்டி கட்டி நிறுத்தியிருந்த பொம்மையின் நிழல் கண்ணாடியில் விழுந்திருக்கும் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அடுத்த முறை அடையாறுக்குப் போகும்போது நந்தனம் சிக்னலில் நின்றோம். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது: "கௌரி, அடுப்பு கேஸை மூடிண்டு வந்தியோ?"

பேசியது முரளி. கண்ணாடியில் அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். வலப்பக்கம் சரிந்து கிடக்கும் உதடு அந்த ஒரு வாக்கியத்தின் நீளத்துக்கு நேராக நின்றது. வாக்கியம் முடிந்ததும் பழையபடி சரிந்தது. கண்கள் மட்டும் அதில் சேரவில்லை. தன் வீட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வெளியே வருவதைப் பார்ப்பவனைப்போல் விழித்தான். எங்கள் குடும்பத்தில் கௌரி என்று எவரும் கிடையாது. "மூடிண்டு" என்று பேசுபவர்களும் கிடையாது. எங்கள் பூர்வீகம் விருதுநகர்.

விளக்குப் பச்சையானது. பின்னாலிருந்த ஊரே ஹாரன் அடித்தது. நான் கியரைக்கூடப் போடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியா அச்சமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு சொல்லுக்காக ஏங்கிக்கொண்டிருந்தவளின் மடியில் ஒரு முழு வாக்கியம் வந்து விழுந்திருந்தது. நிலையத்துக்குப் போனதும் பேச்சுப் பயிற்சியாளர் நித்யாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அந்தச் சொற்கள் அவனுடையவை அல்ல என்பதையும் சொன்னேன். நித்யாவுக்கு என் மாணவிகளின் வயதுதான். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "முதல்ல குரல் வரட்டும் மேடம். அது யாரோட குரல்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

ஸ்பிரிங்

வண்டியின் பின்பக்கம் ஒருசாய்ந்து நிற்பதை எங்கள் தெரு இஸ்திரிக்காரர்தான் முதலில் சுட்டிக்காட்டினார். முரளி உட்காருவது இடப்பக்கம். தாழ்வதானால் அந்தப் பக்கம் தாழ வேண்டும். தாழ்ந்திருந்தது வலப்பக்கம், ஓட்டும்போது சரியாக என் முதுகுக்குப் பின்னால் வரும் இடம். முரளியை இறக்கிய பின்னும் அது நிமிரவில்லை.

ராயப்பேட்டையில் கபீர் பாயின் பட்டறைக்குக் கொண்டு போனேன். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. "இத்த வெச்சிகினு இன்னா மேடம் பண்றீங்க, கோயம்பேட்டுக்கு லோடு அடிக்கிறீங்களா?" என்று தொடங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, ஷாக் அப்சார்பரை மாற்றி முடிக்கும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜாக்கியை இறக்கினார். வண்டி சமமாக நின்றது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. பாரம் விழுந்ததுபோல் தாழவில்லை. மூட்டுவலிக்காரர் ஒருவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, பார்த்துப் பார்த்து உட்காருவதுபோல் தாழ்ந்தது.

கபீர் பாய் பின்கதவைத் திறந்தார். இருக்கையைக் கையால் தட்டிப் பார்க்கப் போனவர், தட்டாமலே கையை இழுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. கைகளைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஸ்பிரிங்கு புச்சு, ஷாக்கு புச்சு, வண்டில ஒரு குத்தமும் இல்ல மேடம். யாரோ ஒருத்தரு குந்திகினு கீறாரு, எயுந்துக்க மாட்டேன்றாரு, அவ்ளோதான் மேட்டரு."

ஹேமாவின் பரிசோதனை

இதற்குள் வேகனில் பேச்சு பெருகிவிட்டது. "மழை வரும்போல இருக்கு, துணியை எடுத்தியோ?" "இந்த டிரைவர் ஏன் இப்படிப் பறக்கறான்?" "வெண்டைக்காய் வாங்கினா ஒடிச்சுப் பார்த்து வாங்கு." எல்லாம் கௌரிக்கு. நான் பேசினால் பதில் கிடையாது. வண்டியை விட்டு இறக்கியதும் சுவிட்சை அணைத்ததுபோல் அமைதி. ஒரு காலைப்பொழுதில் முரளி தண்ணீர் வேண்டிக் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிட வாயைத் திறக்கக்கூட முயலவில்லை. அப்போதுதான் உறைத்தது: "பா" என்று கேட்டு வெகுநாளாகிவிட்டது. வண்டியில் அந்தக் குரல் வளர வளர, வீட்டில் என் அண்ணனுடைய ஒற்றை ஒலியும் தேய்ந்து மறைந்திருந்தது. நித்யா அவன் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் குறிப்பேட்டில் முன்பு எழுதியிருந்த "பா"வை அடித்தாள். எங்கள் வீட்டில் ஒருவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நான் பெட்ரோல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் எனக்கு ஒரே தோழி புள்ளியியல் துறை ஹேமா. கடவுளையும் கல்லூரி நிர்வாகத்தையும் ஒரே அளவில் நம்பாதவள். "சில தடவை வாடகைக் காரில் கூட்டிக்கிட்டுப் போ. பேசினா வண்டிக்குச் சம்பந்தமில்லை" என்றாள். போனேன். முரளி ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தான்; ஒரு முனகல்கூட இல்லை. பிறகு ஹேமாவே வேகனில் ஏறி, முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் பதிவு செய்யப்போவதாக அறிவித்தாள். கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து வந்தது: "கௌரி, முன்னாடி யாரோ பொம்மனாட்டி உக்காந்துண்டிருக்காளே, யாரு?"

ஹேமாவின் கையிலிருந்த கைப்பேசி காலடியில் விழுந்தது. அடையாறு வரை அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. வண்டி நின்றதும் இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஆசிரியர் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னாள்: "பரிசோதனை ரொம்ப நல்லா முடிஞ்சுது பானு. நான் பஸ்ல போய்க்கறேன்."

மந்தைவெளி வழியாக

வண்டியை விற்றுவிட்டால் அந்தக் குரல் போய்விடும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. போகும்போது முரளியின் குரலையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால்? அந்தப் பயத்தில் இரண்டு வாரங்களைத் தள்ளினேன்.

பிறகு ஒரு நாள் அடையாறிலிருந்து திரும்பும்போது மெட்ரோ வேலைக்காக வழியை அடைத்துவிட்டார்கள். சென்னைவாசிகளுக்கு இதில் புதுமையில்லை. போக்குவரத்துக் காவலர் கை காட்டிய பக்கம் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். மந்தைவெளிப் பக்கம் தள்ளப்பட்டோம். பின்னாலிருந்து குரல் வந்தது. இம்முறை கௌரிக்கு அல்ல, ஓட்டுபவருக்கு. "லெஃப்ட்ல திரும்பு. மெதுவா, பள்ளம் இருக்கு." மழைநீர் தேங்கித் தெருவோடு தெருவாக இருந்த இடத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. "இன்னும் கொஞ்சம். அந்தப் பச்சை கேட்டு. ஹாரன் அடிக்காதே."

கீழ்ப்படிந்தேன். அது ஒரு சிறிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வெளியார் வண்டிகள் உள்ளே வரக் கூடாது என்று பலகை தொங்கியது. காவலாளி வண்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கு முன்பே கதவை அகலத் திறந்து, பின்னிருக்கையின் வலப்பக்கத்துக்கு ஒரு சலாம் வைத்தார். வைத்த கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. முதல் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மையாரின் கையிலிருந்து கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

அவர் இறங்கி வந்தார். மெலிந்த உருவம், எழுபதை ஒட்டிய வயது. வழி தவறிவிட்டது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். வந்ததென்னவோ, "நீங்க கௌரியா?" என்ற கேள்வி. அவர் என் பெயரையோ வந்த காரணத்தையோ கேட்கவில்லை. வண்டியின் கூரையைத் தொட்டபடி சொன்னார்: "ஹாரன் அடிக்காம வாசல்ல வந்து நின்னேளே, அதான் இறங்கி வந்தேன். டிரைவர் யாரா இருந்தாலும் எங்காத்துக்காரர் இந்த வாசல்ல ஹாரன் அடிக்க விடமாட்டார். நான் பால்கனியில நின்னுண்டுதான் இருப்பேன்னு இவருக்குத் தெரியும்."

முதல் மாடியில்

முரளிக்குக் காவலாளியைத் துணைக்கு நிறுத்திவிட்டு மேலே போனேன். அந்த அம்மையார் கொடுத்த காபியைக் குடித்தபடி நடந்தது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கௌரி மாமி நம்ப முடியாது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கேஸ் விஷயம் வந்தபோது சிரித்தார். "நான் மூடாமதான் கிளம்புவேன். கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

அவருடைய கணவருக்கு மூட்டுவலி முற்றிய பிறகு சம்பள டிரைவர் ஓட்டுவாராம்; பின்னால் வலப்பக்கம் கணவர், இடப்பக்கம் இவர். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று அதே இடத்தில் உட்கார்ந்துதான் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போது குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்ததாம்: லிஃப்ட் சிறியது, பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அனைவருக்கும் நல்லது. அனைவருக்கும் நல்லது என்ற சொற்றொடரைக் கேட்டாலே நான் எழுந்து நின்று சண்டை போடுவேன். அன்று மாமிக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. தலையாட்டிவிட்டார். "ஆத்து வாசல்படி மிதிக்காமலே அனுப்பிட்டேன். அப்புறம் வண்டியைத் தரகர் எடுத்துண்டு போறச்சே வாசல்ல நின்னேன். யாரையுமே 'போ'ன்னு சொல்லி அனுப்பற வழக்கம் கிடையாதே நமக்கு. அவர் உக்கார்ற இடத்தைப் பார்த்துண்டு, தினம் சொல்றாப்பல 'போயிட்டு வாங்கோ'ன்னுட்டேன்."

பிறகு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் முரளியை இங்கே அழைத்து வர முடியுமா, வண்டியிலிருந்து இறங்கக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். "மாமி, அது என் அண்ணனோட தொண்டை. உங்க வீட்டுக்காரருக்கு வாடகைக்கு விடல. இவர் பேசப் பேச அவன் ஊமையாயிட்டிருக்கான்" என்றேன். இப்படிச் சொல்லக்கூடிய பெண்ணுக்குக் காபி கொடுத்திருக்க வேண்டாம் என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமலே சொன்னார்: "எனக்குப் புரியாம இல்லைடியம்மா. நீ ஒருத்தரோட ஒரு வார்த்தைக்குக் காத்துண்டிருக்கே. நானும் அதுக்குத்தான் காத்துண்டிருக்கேன்."

விசிட்டர்ஸ் பார்க்கிங்

இருவரும் கீழே வந்தோம். மாமி இடப்பக்கக் கதவருகே நின்று முரளியைப் பார்த்தார். முரளியின் உதடு நேராக நிமிர்ந்தது. "என்ன கௌரி, இவ்வளவு நாழியா? வெயில்ல உக்காந்துண்டிருக்கேனே. ஆத்துக்குப் போலாம், வா."

மாமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வாருங்கள் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவர் வண்டியை விட்டு இறங்கிவிடுவார், இந்தக் குரலும் இன்றோடு சரி. சொல்லாமல் இருந்தால், என்றைக்காவது இன்னொரு முறை கேட்கலாம். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நிச்சயமாக வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அப்போது என் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்தது. முரளியின் இடது கை. அவன் முகம் வேர்த்திருந்தது. உதடு இம்முறை நேராகவில்லை; சரிந்த உதடு சரிந்தபடியே போராடியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. துருப்பிடித்த கதவைத் தோளால் முட்டித் திறப்பதுபோல் ஒரு குரல் வந்தது. கரகரப்பான, பாதி உடைந்த, என் அண்ணனின் குரல்.

"பா... பானு. இந்த மனுஷன... இறங்கச் சொல்லு. என்ன... பேச... விடவே மாட்டேங்கறாரு."

நான் வாய்விட்டு அழுதேன். மாமி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். முதலில் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. "உன்னை மட்டுமா? கல்யாணமான நாள்லேர்ந்து என்னைப் பேச விட்டதில்லை" என்றார். பிறகு வண்டியைச் சுற்றி வலப்பக்கம் போனார். கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, "வாங்கோ. ஆத்துக்குப் போலாம்" என்றார்.

எதையும் பார்த்ததாக நான் சொல்லப்போவதில்லை. பார்க்கவில்லை. வண்டியின் வலப்பக்கம் மெல்ல, மெல்ல உயர்ந்து சமமானது. காவலாளி ஓரடி பின்வாங்கி வழி விட்டார். மாமி கதவைச் சாத்திவிட்டு, முழங்கையை மடித்து, யாரோ பற்றிக்கொள்ள ஏதுவாக வைத்துக்கொண்டு, மூட்டுவலிக்காரர்களின் வேகத்தில் லிஃப்டை நோக்கி நடந்தார். அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரைக்கால் சட்டையும் கைப்பேசியுமாக வந்து சேர்ந்தார். "மாமி, அவுட்சைட் வண்டியெல்லாம் உள்ள விடக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல? விசிட்டர்னா வெளியிலதான் நிறுத்தணும்" என்றார். மாமி லிஃப்டின் கதவைக் கையால் தடுத்துப் பிடித்தபடி, தமக்குப் பின்னால் இன்னொருவர் உள்ளே வரும் வரை காத்திருந்தார். வந்த பிறகு திரும்பிச் சொன்னார்: "விசிட்டர் யாரும் இல்லை சார். இந்த ஆத்துக்காரர் இப்பதான் ஆத்துக்கு வந்திருக்கார்."

அன்றிலிருந்து வண்டி சமமாக நிற்கிறது, முரளி நான் கிளட்ச் மிதிக்கும் அழகைப் பற்றி வாரத்துக்கு வாரம் நீளமான வாக்கியங்களில் வாதாடுகிறான், நானும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே, சக வேகன்காரர்களே, இவ்வளவு இடமுள்ள வண்டியில் இப்போது பேசுவதற்கு இரண்டு பேர் இருக்கிறோம், கேட்பதற்குத்தான் ஓர் ஆள் இல்லை.